மேலே வழிந்த வரி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அப்பாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்சியில் திரும்பும் வழியெல்லாம் அது நாக்கு நுனியிலேயே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீடு வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

இன்று அவருக்கு இடது கண்ணில் புரை எடுக்க வேண்டிய நாள் என்பது உனக்குத் தெரியும். நான் ஆபீசிலிருந்து நேராகப் போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் வழக்கம்போலக் கேட்டார்: "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?"

"நல்லாவே சாப்பிட்டேம்மா. ரொட்டி, முட்டை, ரெண்டு வாழைப்பழம். தெம்பு வேணும்ல?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வெறும் வயித்துல வரணும்னு முதல் வரியே அதுதானே போட்டிருக்கு! போன்ல வந்த பக்கத்தப் படிக்கலையா?"

"படிச்சேனே. முதல் வரி, 'பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு வரவும்.' கொண்டு வந்திருக்கேன், பாருங்க."

நர்ஸ் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டாக்சியில் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். கண் மங்கியதிலிருந்து எழுத்தைப் பெரிதிலும் பெரிதாக வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் மருந்துச் சீட்டிலிருந்துதான் தொடங்கியது. மேலே தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. என் போனில் அதே பக்கத்தில் முதல் வரி பளிச்சென்று இருந்தது. அப்பா படித்தது பொய்யில்லை அக்கா. அவர் போனில் அந்த வரியே இல்லை.

நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். சொன்னால் அடுத்த கேள்வி, "யார் செஞ்ச பக்கம் அது?" நம் ஆபீசில் இருந்தபோது அதைச் செய்தது நீ.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியையும் வங்கி அட்டையையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "இனிமே நீயே வெச்சுக்க. படிச்சதே எனக்கு ஞாபகம் நிக்கல. மூளை கலங்க ஆரம்பிச்சிடுச்சு போல." துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். அறிவிப்புப் பலகையை ஓர் எழுத்து விடாமல் படித்த பிறகுதான் ஏணியில் கால் வைப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்களே, அந்த மனிதர்.

பக்கத்தை நான் சரி செய்துவிடுவேன். ஆனால் நம் ஆபீஸ் விதி உனக்குத் தெரியும், நீ கொண்டுவந்ததுதான். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் அவர் "சரி" என்று எழுத்தில் தராமல் அவர் செய்த பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நீ மகளைக் கேமராவில் காட்டுவாய், நான் வந்த காரியத்தை மறந்துவிடுவேன்.

ஒரே ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
உன் வாலு

மார்ச் 5

அன்புள்ள வாலுவுக்கு,

படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அப்பாவை உடனே அடுத்த தேதி வாங்கச் சொல்.

பக்கம் பற்றி. அவர் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார்? இரண்டு படி குறைத்துவிடு, வரி வந்துவிடும். ஒருவருடைய போன் அமைப்புக்காகப் பக்கத்தைக் கலைக்க முடியுமா? இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெட்டியைத் திரையின் நடுவில் நிறுத்த என்ன பாடுபட்டேன் தெரியுமா? இடம் வலமாக நடுவில் வைப்பது குழந்தை விளையாட்டு. மேல் கீழாக நடுவில் நிறுத்துவதுதான் உயிரை எடுக்கும். அட்டவணைக்குள் போட்டுப் பார்த்தேன். மேலிருந்து பாதி இறக்கி, அதன் உயரத்தில் பாதியைத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் ஃப்ளெக்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, வெளிப்பெட்டியைத் திரை உயரத்துக்கு நிறுத்தி, நடுவில் வை என்றதும் அந்த வெள்ளைப் பெட்டி வந்து நின்றது பார், மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தேன். இங்கே இந்த வேலை கிடைத்ததே அந்தப் பக்கத்தைக் காட்டித்தான். இன்னமும் என் வேலைத் தொகுப்பில் முதலில் நிற்பது அதுதான். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கு நேர்முகம் இருக்கிறது. அவர்கள் திறந்து பார்ப்பார்கள். அதுவரை அதைத் தொடாதே. மே மாதம் நிதானமாகப் பேசலாம்.

இன்னொன்று. அப்பாவுக்கு வயதாகிறது. நாம்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். சாவியும் அட்டையும் உன்னிடமே இருக்கட்டும், நல்லதுதான்.

முத்தங்கள்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. "சரி" மட்டும் இல்லை.

கண் ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறப்பவர்கள் யார்? கண் சரியாகத் தெரியாதவர்கள். அவர்கள் எழுத்தைப் பெரிதாக்காமல் வேறு யார் பெரிதாக்குவார்கள்? அப்பாவின் எழுத்தைக் குறைத்தேன். வரி வந்தது. அவருக்குத்தான் அதைப் படிக்க முடியவில்லை.

நேற்று மதியம் ஆபீசில் சும்மா கிடந்த போன்களையெல்லாம் மேஜைமேல் பரப்பி, எழுத்தைப் பெரிதாக்கி, உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டி திரையைவிட உயரமாகிவிட்டால், நடுவில் நிற்பதற்காக அது மேலேயும் கீழேயும் சமமாக வழிகிறது. கீழே வழிந்தது, விரலால் தள்ளினால் வந்துவிடும். மேலே வழிந்தது திரையின் தலைக்கு மேல் போய்விடுகிறது. எவ்வளவு தள்ளினாலும் வராது. மிக முக்கியம் என்று நீ எந்த வரியை முதலில் வைத்தாயோ, அதுதான் முதலில் போகிறது.

நர்ஸிடம் போனில் கேட்டேன். "இப்படிச் சாப்பிட்டுட்டு வந்து திரும்பிப் போறவங்க அடிக்கடி இருக்காங்கம்மா. வயசானவங்க. கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். எல்லோரும் வயதின்மேல்தான் பழியைப் போடுகிறார்கள். நீயும் போட்டாய்.

நான் செய்யப்போவது இவ்வளவுதான். நடுவில் வை என்ற கட்டளையை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, உள்பெட்டிக்கு மார்ஜின் ஆட்டோ, அதாவது ஓர இடைவெளியைத் தானே கணக்கிட்டுக்கொள், என்று கொடுப்பேன். மிச்ச இடம் இருந்தால் அது மேலும் கீழும் சமமாகப் பங்கு போடும். மிச்சமே இல்லை என்றால் பங்கு போட ஒன்றுமில்லை. பெட்டி மேலிருந்து தொடங்கும், வழிவதெல்லாம் கீழே வழியும். உன்னை நேர்முகம் காண்கிறவர் தன் மேஜையில் திறந்து பார்த்தால் மயிரிழை வித்தியாசம் தெரியாது.

நம் முதலாளியிடம் போனேன். "உங்கக்கா பக்கமா? அளவெடுத்துச் செஞ்சதும்மா அது. அவ ஒரு வார்த்தை எழுதட்டும், நான் மறுபேச்சு பேச மாட்டேன். எழுதாம தொட்டா, நீ அவ தங்கச்சிங்கிறதெல்லாம் பார்க்க மாட்டேன்."

அப்பா அடுத்த தேதி வாங்க மறுக்கிறார். "மறுபடியும் ஏதாவது தப்பாப் படிச்சுட்டுப் போய் நிப்பேன்" என்கிறார். பால் பாக்கெட்டைக்கூட என்னிடம் நீட்டித் தேதி கேட்கிறார். கேட்டுவிட்டு, நான் சொன்னதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். இதை மே மாதம் வரை பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருப்பேன். அதற்குள் உன் "சரி" வராவிட்டால், முதலாளியிடம் சொல்லிவிட்டு நானே மாற்றுவேன். தவறு பக்கத்தில்தான் என்று அப்பாவிடமும் சொல்வேன். யார் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

வாலு

மார்ச் 8

மிரட்டுகிறாயா?

நான் எழுந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய். நான் சொன்னதால்தான் அந்த வேலையும் கிடைத்தது. இப்போது என் பக்கத்திலும் உன் கை பட வேண்டும், அப்படித்தானே? ஊருக்கெல்லாம் நல்ல பெண் நீ. அப்பாவைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண். நான் ஓடிப்போனவள்.

மாற்றாதே. மாற்றினால் எனக்கு எழுதவும் வேண்டாம்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் செய்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நேற்று காலை முதலாளியின் அறைக்குப் போய், "அக்கா சரி சொல்லல சார். ஆனா நான் மாத்தப் போறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்தினா மாசக் கடைசியோட கணக்கு முடிச்சுக்கலாம்மா. இன்னிக்கு உனக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கை வைப்பாங்க" என்றார். சரி என்று வெளியே வந்து மாற்றினேன். மேஜைமேல் இருந்த எல்லாப் போன்களிலும் "வெறும் வயிற்றில் வரவும்" முதல் வரியாக வந்து நின்றது. உனக்கு வந்ததுபோல எனக்கும் எழுந்து நிற்கத் தோன்றியது. நிற்கவில்லை. உன் பக்கம்தானே.

சாயங்காலம் அப்பாவிடம் பழைய பக்கத்தின் பிரதியையும் புதியதையும் காட்டினேன், அவர் போனிலேயே, அவர் எழுத்து அளவிலேயே. பழையதைப் பல தடவை தள்ளிப் பார்த்தார்.

"அப்ப நான் படிச்சது சரிதானா?"

"சரிதான்ப்பா. உங்க போன்ல அந்த வரி வரவே இல்ல."

"இந்தக் கண்ணால பார்த்தது அம்புட்டும் சரி?"

"அம்புட்டும் சரி."

"எந்தக் கழுதைடி செஞ்சது இத?"

நான் காபி போட எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேஜையில் சாவியும் இல்லை, அட்டையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு நர்ஸிடம் அதட்டலாகப் பேசிக்கொண்டிருந்தார். இருபத்துநான்காம் தேதி கிடைத்திருக்கிறது.

உன் நாற்காலி வேண்டும் என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. நீ எழுந்து போனபோது அது காலியாக இருந்தது, எனக்கு வேலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். இப்போது அதிலிருந்து நானும் எழுந்துவிட்டேன். நீ ஓடிப்போனாய் என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பா உன்னைப் பற்றிப் பேசும்போது சொல்லும் வார்த்தை வேறு. "பெரியவ பார்த்துக்குவா" என்பார், நீ பார்த்துக்கொள்ள முடியாத தூரத்தில் இருக்கும் விஷயங்களுக்குக்கூட.

அவர் கழுதை என்றது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

என்றும் உன்,
வாலு

மார்ச் 17

வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூடிவிட்டேன். ஆபீசுக்குப் போகும் ரயிலில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேலே தள்ளுவார், நிற்பார், மறுபடி தள்ளுவார். என்ன தேடினார் என்று தெரியாது. நான் என் போனை எடுத்து எழுத்தை அப்பா அளவுக்குப் பெரிதாக்கினேன். வேலைத் தொகுப்பில் நான் வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்தேன். மருந்துச் சீட்டிலிருந்துதான் தொடங்கியது. நானும் தள்ளினேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டும் வரை தள்ளினேன்.

நேற்று அப்பாவிடம் போனில் பேசினேன். "அப்பா, அந்தக் கழுதை நான்தான்" என்றேன்.

"உனக்கு யாரு சொன்னா நான் கழுதைன்னேன்னு?" என்றார். மன்னித்துக்கொள், உன்னை மாட்டிவிட்டேன்.

அப்புறம் கேட்டார்: "வேற எங்கெல்லாம் இப்படிச் செஞ்சு வெச்சிருக்க?"

"தெரியலப்பா."

"தெரியலைன்னா? போய்ப் பாரு. கிரேன்ல ஒரு கொக்கி விட்டுப்போச்சுன்னா ஒண்ண மட்டும் மாத்திட்டு நாங்க மேல ஏற மாட்டோம். எல்லாத்தையும் இறக்கிப் பார்ப்போம்."

இறக்கிப் பார்த்தேன். இங்கே நான் செய்ததிலும் சில பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. நேர்முகத்துக்கு முன்பே என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வேலைத் தொகுப்பிலிருந்து அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. நீ மாற்றியதை வைத்து, கீழே "திருத்தியது என் தங்கை" என்று போட்டிருக்கிறேன்.

நம் முதலாளிக்கும் இதோடு தனியாக எழுதியிருக்கிறேன். நீ கேட்ட வார்த்தை, தாமதமாக:

சரி.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

முதலாளி உன் "சரி"யை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். தேதியைக் காட்டி, "பதினேழாம் தேதி வந்திருக்கு, நீ பத்தாம் தேதி மாத்தியிருக்க" என்றார். அதனால் மாதக் கடைசியோடு எனக்கு அங்கே வேலை இல்லை. வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

அப்பா இன்று காலை தன் போனைத் தானே படித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நாளை கட்டுப் பிரிக்கிறார்கள்.

வாலு