சிறையில் ஒன்பது நட்சத்திரங்கள்

மூன்றாம் மாதம், நாலாம் நாள்

வானம் பார்க்கும் மேடையிலிருந்து இறங்கி வந்து கஞ்சி குடித்தேன். பீகிங்கின் கிழக்கு மதிலில் எத்தனை படி என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். பதிவேட்டில் வழக்கம்போல எழுதினேன்: கோத்த கயிறு, ஒன்பது நட்சத்திரமும் தெளிவு. நான் பார்த்தது ஏழு. மீதி இரண்டை மனப்பாடத்திலிருந்து போட்டேன்.

இருபத்தாறு வருடமாக இந்த வானத்தைக் காவல் காக்கிறேன். அங்கே பேரரசருக்கு அரண்மனை உண்டு, சந்தை உண்டு, கக்கூஸ்கூட உண்டு. அதற்குக் கீழே ஒற்றை மல நட்சத்திரம். அது மஞ்சளாக இருந்தால் நாட்டுக்கு நலம் என்று சிரிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவன் போய் உட்கார ஓர் இடம் மட்டும் அங்கேயும் இல்லை. வானியல் துறைக் குடும்பத்தில் பிறந்தவர்களில் வீட்டுக்கு ஓர் ஆண் மேடை ஏறியே ஆக வேண்டும். நான் ஏறினேன். அதனால் தம்பி யோங்னியான் தப்பித்து, தெற்கு வாசலருகே நூடுல்ஸ் கடை போட்டான்.

ஒன்பதாம் நாள்

யோங்னியானைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

கடைப் பரணில், மாவு மூட்டைக்குப் பின்னால், நட்சத்திரப் படம் இருந்ததாம். துறைக்கு வெளியே இருப்பவன் வானத்தைப் படித்தால் குற்றம். படம் என்னுடையது. கண் மங்க ஆரம்பித்ததும், இடம் மறக்காமலிருக்கப் பெரிய பெரிய வட்டமாக நான் வரைந்தது. எங்கள் குடியிருப்பில் சோதனை போடுவார்களே என்று அங்கே ஒளித்தேன். "நான்தாங்க வரைஞ்சேன், சும்மா ஆசைக்கு" என்று காவலர்களிடம் சொல்லியிருக்கிறான். ஒழுங்காக ஒரு வட்டம் போடத் தெரியாத பயல்!

அப்போது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள்

இன்னும் ஏன் போய்ச் சொல்லவில்லை? பயம். வேறென்ன.

இருபத்தேழாம் நாள்

தலைமை அதிகாரி பான் கூப்பிட்டனுப்பினார். கோத்த கயிறு என்பது வானத்தில் சாமானியர்களின் சிறை. ஒன்பதும் தெரிந்தால் நாட்டில் சிறைகள் நிறைந்திருக்கின்றன என்று பொருள். ஏழு தெரிந்தால் சிலருக்கு மன்னிப்பு. ஐந்து, ஆறு என்றால் எல்லோருக்கும். அரண்மனை இதை அப்படியே நம்புகிறது.

"ஏம்ப்பா, உன் தம்பி உள்ள இருக்கான். கயித்துல ஒண்ணு குறைஞ்சாலும் உன் தலையும் குறையும். ஞாபகம் வச்சுக்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். நேற்று நான் பார்த்தது ஆறு.

நாலாம் மாதம், மூன்றாம் நாள்

என்னோடு முறை பார்க்கும் துவானிடம் சொல்லிவிட்டேன்.

"ஆறா? ஒன்பதும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதேண்ணே! எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, "நீங்க ஏழுன்னு எழுதுங்க, நானும் ஏழுன்னே எழுதிடறேன்" என்றான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். வாயை மூடுடா என்று திட்டினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

நான் பார்ப்பதை எழுதினால் பொய்யன். பார்க்காததை எழுதினால் யோக்கியன். என்ன பிழைப்புடா இது!

பன்னிரண்டாம் நாள்

சிறைக்குப் போனேன். இளைத்துவிட்டான், இருமல் வேறு. தீர்ப்பு வந்துவிட்டது: இலையுதிர் காலம் முடிந்ததும் வடக்கு எல்லைக்கு, ஆயுளுக்கும்.

"சாப்பாடு கேவலம்ணா, உப்பே இல்ல. சமையக்காரனுக்கு நான்தான் சொல்லித் தரணும் போல" என்று சிரித்தான். "மேல எத்தனை தெரியுது? ஏழு வந்தா சொல்லுண்ணா, துணிய மடிச்சு வைக்கிறேன்."

ஒன்பது என்றேன்.

ஐந்தாம் மாதம், முதல் நாள்

மனைவி யுன்னியாங்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சொன்னா உங்கள அடிப்பாங்க. சொல்லலேன்னா அவரு பனியில சாவாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா உங்க இடத்துக்கு யாரக் கூப்பிடுவாங்க? நமக்குப் பிள்ளையும் இல்லையே."

நான் அடியைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள்

பதிவேட்டில் எழுதியது:

"கோத்த கயிறு. துவான் கண்டது ஒன்பது, அதுவே சரி. நான் கண்டது ஐந்து. என் கண் கெட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நூடுல்ஸ் கடையில் கிடைத்த படம் நான் வரைந்தது. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும்."

முத்திரை வைத்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி எவ்வளவு காலம் ஆயிற்று!

ஆறாம் மாதம், இரண்டாம் நாள்

குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். நூறு அடி. துறை ஆளை எல்லைக்கு அனுப்பக் கூடாதாம். அடித்துத் துறையிலேயே வைத்துக்கொள்வார்களாம். இனி எனக்குப் பழைய ஏடுகளைப் படியெடுக்கும் வேலை. கிட்டத்தில் இருப்பதெல்லாம்தான் நன்றாகத் தெரிகிறதே. குற்றம் செய்தும் இந்த இடத்தை விட்டுப் போக முடியவில்லை.

ஆனால் யோங்னியான் வெளியே வந்துவிட்டான்! நேராகக் கடைக்குப் போய் நூடுல்ஸ் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தான். "உப்புப் போட்டிருக்கேன், பாருண்ணா" என்று ஊட்டிவிட்டான்.

ஐந்தாம் நாள்

ஆணை வந்தது. என் இடம் காலி; வீட்டில் மீதமிருக்கும் ஆண் ஒருவன்தான். கடையைப் பத்து நாளில் மூட வேண்டும்.

பறிமுதல் செய்த படத்தை அவன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள், மனப்பாடம் செய்யச் சொல்லி. என் கட்டிலருகே விரித்துவைத்து ஒவ்வொரு வட்டத்தின் மேலும் விரல் வைத்தான்.

"நான் வரைஞ்சேன்னு சொன்ன படத்த இப்பத்தாண்ணா முழுசாப் பாக்கறேன்."



இருபத்தெட்டாம் நாள்

காலையில் யோங்னியான் மேடையிலிருந்து இறங்கி வந்தான். என் பழைய அங்கிதான், தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். கயிற்றில் எத்தனை என்று கேட்டேன்.

"ஒன்பதுண்ணா."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"ஒண்ணு விடாமத் தெரியுது."

எங்கள் குடும்பத்திலேயே அவனுக்குத்தான் நல்ல கண்.