கருப்பையாவின் குரக்கனும் தோடம்பழத் தலையனும்

9.1.82 சனி
விடியக் கடும் பனி. சைக்கிள் பின் டயரில் காற்றில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம் வாங்க மறக்கக்கூடாது. (மறந்துவிட்டேன்.)

பக்கத்துக் காணிக் கருப்பையா ஓடிவந்தான். மனைவி ராசம்மாவுக்கு வலி தொடங்கிவிட்டதாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு டிராக்டர் பிடித்தாயிற்று. படலையடியில் நின்றபடி:

"அண்ணே, நா வர்ற வரைக்கும் நம்ம குரக்கன்ல குருவி பாத்துக்குங்க. ஓரத்துல நிக்கிறது விதைக்கு விட்டது. வேற விதை இல்லண்ணே."

"நீ போ. குருவி பாக்கிறதிலை என்னை வெல்லத் தர்மபுரத்திலை ஆள் இல்லை."

அந்த அவசரத்திலும் சிரித்தான். கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வெறுங்கையாய் வந்த குடும்பம். இந்தக் கேழ்வரகுதான் அவர்களுக்கு முதல் ஒழுங்கான விளைச்சல்.

அதே நாள், பின்னேரம்
எழுதக் கை கூசுகிறது.

காவல் பரணில் ஏறித் தகரம் தட்டினேன். ஒழுங்காகத்தான். கழுத்தில் பைனாகுலர். (குருவி கலைக்கப் போகிறவருக்கு அது என்னத்துக்கு என்று மனைவி கமலம் கேட்டாள்.) வெயில் ஏற, வாய்க்கால் கரைப் பற்றைக்குள் சருகு புரளும் சத்தம். உடும்பு என்று நினைத்தேன். இல்லை. அவன்! தோடம்பழத் தலையன்!

பறவைப் படப் புத்தகத்தில் "மிக அரிதாக வரும்" என்று போட்ட பக்கம். ஒவ்வொரு மாரிக்கும் புரட்டிப் புரட்டிக் கிழிந்த பக்கம். தலையும் நெஞ்சும் பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். முதுகு சாம்பல் நீலம். சருகை அலகால் எறிந்து எறிந்து புழு தேடினான். இடையிடையே தொண்டைக்குள் ஒரு பாட்டு, தனக்கு மட்டும்.

தகரம்? தட்டினால் பறந்துவிடுவானே. தட்டவில்லை.

அவனாகப் பறந்த பிறகுதான் திரும்பினேன். குரக்கன் மேல் பச்சைப் போர்வை விரித்த மாதிரிக் கிளிகள். கத்தினேன், குதித்தேன். என்ன பயன்? ஓரத்தில் நின்ற விதைக் கதிர் முழுக்க மொட்டைத் தண்டு.

கமலம் வந்து பார்த்தாள்.

"அவன் குருவி பாக்கச் சொல்லிப்போட்டுப் போனவன். நீங்கள் குருவி பாத்திருக்கிறியள்."

சொல்லிப்போட்டு வீட்டுக்கு நடந்தாள். நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

10.1.82 ஞாயிறு
தூறல். சோறும் பூசணிக்காயும். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசை. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட வயிறு.

மகள்: "அப்பா, அந்தக் குருவியைப் படமாக் கீறித் தரட்டோ?"
"வேண்டாம், பிள்ளை."
"எத்தினை வருசமாத் தேடினனீங்கள்!"

கருப்பையாவிடம் சொல்லப் பாடமாக்கியவை: கிளி கூட்டமாக வந்தது. (உண்மை.) எவ்வளவோ கலைத்துப் பார்த்தேன். (பொய்.)

12.1.82 செவ்வாய்
நல்ல வெயில். கருப்பையா வீட்டார் வந்துவிட்டார்கள். பெண் பிள்ளை. கமலம் பத்தியக் கறி தந்துவிட்டாள். கொண்டுபோனேன். அவன் ஏற்கெனவே குரக்கனைப் பார்த்திருந்தான்.

"கிளிக்கு என்னண்ணே செய்யிறது? நீங்க இருந்ததாலதான் இந்த மிச்சமாச்சும் நிக்குது."

சீனி நிறையப் போட்டுத் தேத்தண்ணி வேறு. பாடமாக்கியதெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் கிளி கலைக்கேல்லையடா. நீ குருவி பாக்கச் சொன்னாய். நானும் ஒரு குருவியைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

எப்போதும் பகிடி விடுகிற அதே குரலில் வந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை. கருப்பையா தொடையில் தட்டிச் சிரித்தான். "அண்ணே, பேச்சுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல!"

நானும் சிரித்தேன். ஓம், நானும்.

உள்ளே பிள்ளையோடு படுத்திருந்த ராசம்மாவின் குரல்: "ஏங்க, அண்ணன் வெளையாட்டுக்குச் சொல்லல. மெய்யாத்தான் சொல்றாரு."

கருப்பையாவின் சிரிப்பு நின்றது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.