மாத்திரை போட்டால் தோற்கிற குழு

அன்புள்ள தம்பி கமலநாதனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ஷர்மினியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதறாதே, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார், இன்று காலையில்கூட ரொட்டி சானாய்க்குக் குழம்பு போதவில்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இத்தனை வயதில் இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

போனில் சொல்லாமல் இது என்ன கடிதம் என்று கேட்பாய். என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து போனது உனக்குத் தெரியும், வீட்டில் இருப்பது அவருடையது ஒன்றுதான், அதுவும் எந்நேரமும் அவர் சட்டைப் பையில். நீ எனக்கு அனுப்புகிற செய்தியைக்கூட அவர்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். வேறு யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம்தான், ஆனால் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் அடுத்த நிமிடமே அவருக்குப் போன் போட்டு என்னைக் காட்டிக்கொடுப்பாய். அதனால் தேன்மொழியின் தையல் கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு லோகேஸ்வரன் நாளை புதன்கிழமை உங்கள் ஆக்லாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாங்காய் ஊறுகாயும் கொடுக்கலாம் என்று பார்த்தேன், அங்கே விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வாய் சும்மா இருக்காது, அதனால் உறையை நன்றாக ஒட்டிக் கொடுக்கிறேன்.

நம் தம்போய் வேங்கை காற்பந்துக் குழு இந்த வருடம் படுகிற பாடு உனக்குத் தெரிந்திருக்கும். நீ முடிவை மட்டும்தான் பார்க்கிறாய், ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கொடுத்து வைத்தவன். நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் குடையும் தண்ணீர் போத்தலுமாகத் திடலுக்குப் போய்க் கண்ணால் பார்த்துத் தொலைக்கிறோம். நீ நின்ற கோல் கம்பத்தில் இப்போது ஜீவன் நிற்கிறான், நல்ல பிள்ளைதான், ஆனால் பந்து வரும்போது அவனுக்குக் கால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதோ என்னவோ, வராத நேரத்தில் மட்டும் முன்னால் ஓடி வருகிறான். இடது பக்கத் தற்காப்பில் இருக்கிற பையன் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறான், ஆளை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறான். கோச் மகேஸ்வரனிடம் நானே போய்க் கேட்டேன், ஐயா, பயிற்சிக்கு அவர்களைக் கூப்பிடுகிறீர்களா இல்லை விருந்துக்குக் கூப்பிடுகிறீர்களா என்று. கூட வந்து கத்திக்கொண்டிருந்த பாதிப் பேர் இப்போது மாநிலக் குழுவைப் பார்க்கப் பெரிய ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார்கள். ஜெயிக்கிற குழுவுக்குக் கை தட்ட யாருக்குத்தான் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமில் கடைசி ஆட்டம், அதில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம், இறங்கினால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று செயலவையில் பேசுகிறார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா தூக்கத்திலும் ஆட்டத்தைத்தான் பேசுகிறார்.

இந்த வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தோம், அதுவும் இதே ஆயர் ஈத்தாம் திடலில், மே மாதம் நடந்த ஆட்டம். அன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அப்பா பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அதற்கு நான் திட்டினேன். ஆனால் ஜெயித்ததும் எனக்கும் அது மறந்துபோயிற்று, திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சட்டிக் கடையில் ஒரு பெரிய மண்தொட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அதில்தான் இப்போது கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். இந்தத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்.

போன ஞாயிறு நம் திடலில் ஆட்டம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கோல் விழும் என்பது பல வருடமாக நான் கண்டுவைத்த கணக்கு, நீ விளையாடிய காலத்திலிருந்தே நான் பச்சை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் போய்விடுவேன், நீயே என்னைக் கேலி செய்திருக்கிறாய். அன்றும் அப்படித்தான். மூன்றாவது கோல் விழுந்தது. மூன்றாவது கோலுக்கு அவர் எழுந்து நின்று ரெஃப்ரியின் பரம்பரையையே இழுப்பார், அன்று சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தரையில் இருக்கிற தண்ணீர் போத்தலை எடுக்கப் பார்க்கிறார், வலது கை அதைத் தொடுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி தொடுகிறது, பிடிக்கவில்லை. நான் ஸ்டூலைப் போட்டுவிட்டு ஓடினேன். எவ்வளவு ஓடியும் அந்தத் திடல் முடியவே இல்லை தம்பி. பக்கத்தில் போய் என்னங்க என்னங்க என்கிறேன், ஏதோ சொல்கிறார், வாயில் சொல் உருளுகிறது, ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம்தான், பிறகு கை வந்துவிட்டது, தானே போத்தலைத் திறந்து குடித்துவிட்டு, ஜீவன் எதுக்கு அவ்வளவு முன்னால ஓடி வந்தான் என்று தெளிவாகக் கேட்டார். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், வெயில் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். மீறித்தான் எழுதுகிறேன், அதில் பாவம் இருந்தால் என்னோடு போகட்டும்.

நேற்று இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இவர் கண் சிமிட்டாமல் ஆமாம் என்றார். சாப்பிட்டும் இப்படி ஏறியிருந்தால் சரியில்லை, திடலில் கை வராமல் போனது பக்கவாதத்துக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார், மாத்திரையையும் கூட்டினார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு ஆட்டம் முடியட்டும் என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்று காலையில் என் கண் முன்னால்தான் மாத்திரையை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். தொட்டி மண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலால் கிளறினேன், கரைந்தும் கரையாமலும் உள்ளே அத்தனை மாத்திரை. எத்தனை நாளாக நடக்கிறதோ தெரியாது.

கையில் அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். நான் எதிர்பார்த்தது சண்டை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். "கிருஷ்ணம்மா, நான் வேணும்னு செய்யல. அன்னைக்கு மாத்திரை போடல, ஜெயிச்சாங்க. போட்டப்பல்லாம் தோத்தாங்க. இன்னும் ஒரு ஞாயிறுதான் லா." முதலில் ஆட்ட நாளில் மட்டும் விட்டாராம். அப்படியும் தோற்றதால், ஆயர் ஈத்தாமுக்கு முந்தின நாளும் மறந்திருப்போம் என்று யோசித்து அதையும் விட்டாராம். பிறகு வாரம் முழுக்க. அலமாக், படித்த பிள்ளைகளைப் பெற்ற மனுசன் பேசுகிற பேச்சா இது. நான் சிரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரையை அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. ஒரு நொடி எனக்கே அப்படி இருக்குமோ என்று தோன்றிவிட்டது. பச்சை ஸ்டூல் வைத்திருக்கிறவள்தானே நானும். அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. மைலோவில் பொடி செய்து கலக்கிக் கொடுத்துவிடலாம் என்று கிளினிக்குக்கே ஓடிப்போய் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன், இந்த மாத்திரையைப் பொடி செய்யவே கூடாது, முழுசாகத்தான் விழுங்க வேண்டும், முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் அம்மா என்று அவள் என்னையே திட்டினாள். அதற்கு முன்பே, போன ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயிலில் வேங்கையின் பேரில் அர்ச்சனை வைக்கப் போய், குருக்கள் நட்சத்திரம் கேட்டதும் முழித்தேன், காற்பந்துக் குழுவுக்கு நான் எந்த நட்சத்திரத்தைச் சொல்வது. அப்பாவின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு மனதுக்குள் குழுவை நினைத்துக்கொண்டேன். ஞாயிறு மூன்று கோல் வாங்கியபோது சாமியையே குழப்பிவிட்டோமோ என்று நொந்துகொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. யாருக்கு அர்ச்சனை என்று சாமிக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்தக் கை திரும்பி வந்தது.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. இதைப் படித்ததும் நீ போன் செய்து அவருக்கு அறிவுரை சொல்லாதே. அறிவுரை சொன்னால் தலையாட்டுவார், தலையாட்டிவிட்டுத் தொட்டிக்குப் போவார். அவர் பாஷையில்தான் பேச வேண்டும். நான் காலையிலிருந்து அந்த மே மாத ஆட்டத்தையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் மாத்திரை போடவில்லை, சரி. வேறு என்ன நடந்தது? நீ கூப்பிட்டாய் தம்பி. விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டாய், பாதி ஆட்டம் வரைக்கும் லைனிலேயே இருந்தாய். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு அவர் அடிக்கடி குனிந்து குனிந்து உன்னிடம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஜீவன் அந்தப் பெனால்டியைப் பிடித்தபோது அவர் தன் நெஞ்சைப் பார்த்துத்தான் கத்தினார், உனக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு உனக்கு இரவு வேலை மாறியது, ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது. உன் மேல் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் அவர் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, பழி முழுதும் மாத்திரை மேல் போய்விட்டது.

அதனால் நீ அவரிடம் இப்படிச் சொல்ல வேண்டும். அப்பா, அன்று ஜெயித்தது மாத்திரை போடாததால் இல்லை, நான் லைனில் இருந்ததால். இனி நான் இருக்கிறேன், ஆனால் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, தினமும் காலையில் வீடியோவில் என் முன்னால் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், இன்றே டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு நான் கூப்பிட மாட்டேன் என்று சொல். மிரட்டு. நீ மிரட்டினால்தான் கேட்பார். டாக்டர்கள் அவரைப் படுக்க வைத்துவிட்டால் கட்டிலில் படுத்தபடி உன்னோடு ஆட்டத்தைக் கேட்கட்டும், திடலிலிருந்து தேன்மொழியின் வீட்டுக்காரர் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டால் பஸ்ஸில் போவோம். எதுவானாலும் இங்கே ஐந்து மணிக்கு, உனக்கு ராத்திரி ஒன்பதுக்கு, நீ லைனில் இருக்க வேண்டும். ஒரு நாள் லீவு கேள். கொடுக்காவிட்டால் காய்ச்சல் என்று சொல், அம்மாவே பொய் சொல்லச் சொல்கிறாளே என்று பார்க்காதே.

தோற்றால் என்ன செய்வது என்று கேட்பாய். இந்தக் குழுவை நம்பி யாரும் சொல்ல முடியாது, தோற்கலாம். தோற்றால் பழி உன் மேல் வரும், உன்னால்தான் போச்சு என்று அவர் மாதக்கணக்கில் உன்னைத் திட்டுவார். வாங்கிக்கொள் தம்பி. உன்னைத் திட்டுவதற்கு அவர் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நானும் இந்த முறை பச்சை ஸ்டூலை எடுத்துப் போகப் போவதில்லை. கோல் விழுந்தால் விழட்டும், எங்கே இருந்தாலும் அவர் வலது கைப் பக்கத்தில் ஒட்டி உட்காரப் போகிறேன்.

ஷர்மினியைக் கேட்டதாகச் சொல், இரண்டு பேரும் காலில் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதீர்கள். முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் கொடுக்கட்டும், கொடுக்கிறதில் கொஞ்சம் அப்பாவுக்கும் ஒதுக்கட்டும். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்டால் லோகேஸ்வரன் சொன்னார் என்று சொல்லிவிடு, அவர் வாயைப் பற்றி அப்பாவுக்கும் தெரியும். கடிதம் வந்தது என்று போனில் வாய் தவறிச் சொல்லிவிடாதே, ஊறுகாய் கிடைத்தது என்று சொல், நான் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
கிருஷ்ணம்மா
தம்போய்