சோமசேகரத்தின் கூரையும் என் புளுகும்

உ
சிவமயம்

கொக்குவில்
09.01.2025

அழகையும் அறிவையும் மாமன் வழியாகப் பெற்றுக்கொண்ட என் ஒரே மருமகன் வாகீசனுக்கு,

நானும் மாமியும், முழங்கால்கள் நான்கையும் தவிர, சுகம். நீயும் பிரதீபாவும் பிள்ளைகளும் பனிக்குள் புதைந்துவிடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். பிள்ளையார் மேல் ஆணையாக, நானே நம்பவில்லை. தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்தில் இருந்து மாமி ஒவ்வொரு வசனத்துக்கும் “உது புளுகு” என்று முத்திரை குத்துகிறா. கடிதத்தில்தான் ஒரு மனிதன் சுதந்திரமாக உண்மை பேசலாம்.

விஷயம் இதுதான். எங்கள் சந்திக்கு ஒரு குளிர்க்கடை வரப்போகிறதாம். கண்ணாடிச் சுவர், ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கும் கதவு, உள்ளே உன் கனடாக் குளிர். போன கிழமை மாமி யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்கிற ஒன்றுக்குப் போய், பொலித்தீனில் சுற்றிய மூன்று முருங்கைக்காயைப் பிறந்த பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வந்தா. எங்கள் வேலி முழுக்க முருங்கை காய்த்துத் தொங்குகிறது. கேட்டால், “அது வேறை, இது வேறை” என்கிறா.

அந்தப் பிசாசு இங்கே வந்தால் சோமசேகரத்தின் கதி என்ன? சோமுவை நீ மறந்திருக்கமாட்டாய். உன் அம்மா உனக்கு விட்டுப்போன சீதனக் காணியில், சந்தியைப் பார்த்த மூலையில், முப்பத்தெட்டு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். ஒன்றாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். ஊரெல்லாம் எனக்குத் “தில்லையண்ணை” என்று மரியாதை வைக்கும். “டேய் தில்லை” என்று கூப்பிட இந்தப் பூமியில் மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன்தான். காணியை அவனுக்கு விட்டபோது உன் அம்மா, என் அக்கா, எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. “கூரை எங்கடை பாடு, உள்ளுக்கை இருக்கிறது உங்கடை பாடு” என்று சொன்னா. அந்த வசனம்தான் உறுதிப் பத்திரம்.

கடையின் இன்றைய நிலைமையைச் சொன்னால் நீ அழுவாய். மழை பெய்தால் சோமு உள்ளே குடை பிடித்துக்கொண்டுதான் பருப்பு நிறுக்கிறான். சீனிச் சாக்குக்கும் மாச் சாக்குக்கும் நடுவில் ஒரு குளம் உண்டாகி, அதில் கொக்கு ஒன்று வந்து இறங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று அன்றுதான் விளங்கியது. சுவரோ இருபது வருடத் தேர்தல் நோட்டீஸ்களின் பசையில் நிற்கிறது. எந்தக் கட்சியின் நோட்டீஸை உரித்தாலும் கடை அந்தக் கட்சிக்காரர் தலையிலேயே விழும். அதனால் எல்லாக் கட்சியும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தமிழருக்குள் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

வியாபாரம் என்று பார்த்தால் நாளுக்கு மூன்று வாடிக்கை. நான், குருநகரிலிருந்து மீன் கொண்டுவந்து கடைவாசலில் விற்கிற லூர்த்தம்மா, ஒரு ஆடு. மூவரில் ஆடுதான் நிறையச் சாமான் எடுக்கும். சோமு வெறுத்துப்போய், “ஆரும் கடைப் பூட்டின்ரை திறப்பைக் கேட்டா குடுத்துப்போட்டு, சந்நிதி முருகனிட்டைப் போய் அன்னதானச் சோத்தோடை இருந்திடுவன்” என்று நாளுக்கு ஏழு தரம் சொல்கிறான்.

இப்படிக்கு,
கொக்குவில் கோன், சந்தி காத்த சக்கரவர்த்தி,
உன் மாமா தில்லைநாதன்


ரொறன்ரோ
02.02.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்துப் பிரதீபாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். கொக்குக் கதையை மூன்று தரம் கேட்டார்கள்.

கடை உண்மையிலேயே அவ்வளவு மோசமா, மாமா? யாருக்கும் மேலே விழுந்தால் சிக்கல் அல்லவா? சோமு மாமா விட்டுவிட்டுப் போகிற எண்ணத்தில்தான் இருக்கிறாரா? சும்மா கேட்கிறேன்.

இன்னொன்று. மூத்தவள் கீர்த்திகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு பற்றி ஒரு ஒப்படை. அப்பம்மாவின் சந்திக் காணியைப் படமாகக் கீறி, தெருப்பக்க அகலம், நீளம், கிணறு இருக்கும் இடம் எல்லாம் குறித்து அனுப்புவீர்களா? அளவு சரியாக இருக்கவேணும். உங்கள் அடி வேண்டாம், உண்மையான அடி.

அன்புடன்,
வாகீசன்


உ
சிவமயம்

கொக்குவில்
24.02.2025

வரலாற்றுப் பேராசிரியை கீர்த்திகா அம்மையாரின் தகப்பனும் என் மருமகனுமாகிய வாகீசனுக்கு,

இத்துடன் படம். உலகம் தோன்றிய நாள் முதல் இப்படி ஒரு காணி இப்படி அளக்கப்பட்டதில்லை. நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் சோமு பிடித்தான். கீர்த்திகாவின் பள்ளிக்கூடத்துக்கு என்றதும் கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்துவிட்டான். நான் தெருப்பக்கத்தைச் சும்மா ஒரு குத்துமதிப்பில் போடப் பார்த்தேன். விடவில்லை. “டேய் தில்லை, பிள்ளைக்குப் பிழை வரக்கூடாது, நாடாவை இழுத்துப் பிடி” என்று மூன்று தரம் அளக்க வைத்தான். கிணற்றடிப் பற்றைக்குள் அவன்தான் இறங்கினான். காலில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தப் படத்தில் ஒரு அங்குலம்கூடப் புளுகு இல்லை. என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்திரு.

இங்கே குளிர்க்கடைக்கு எதிராக ஒரு மகாசபை அமைத்திருக்கிறேன். தலைவர் நான், பொருளாளர் சோமு, பொதுமக்கள் லூர்த்தம்மா. பிரதேச சபைத் தேர்தல் வருவதால் வேட்பாளர்கள் வருகிறார்கள். இதுவரை மூன்று கட்சியிலிருந்து மூன்று பேர் வந்து, கடைப்படியில் ஏறி நின்று, சோமு கொடுத்த சோடாவைக் குடித்து, தங்கள் பிணத்தைத் தாண்டித்தான் குளிர்க்கடை வரும் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். லூர்த்தம்மா சூடை மீனைக் கூறு போட்டுக்கொண்டே, “கதவு தானாத் திறக்குமெண்டால் முதல்லை உள்ளை போறது உவையள்தான்” என்றா.

எந்தக் காணியில் கட்டப்போகிறார்கள் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. சோமு நாலைந்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் இருந்தான். நான் சொன்னேன்: “இது எங்கடை காணி. எங்கடை பெடியன். அவன் இருக்கும் வரைக்கும் உன்னை ஒருத்தரும் அசைக்கேலாது.” அன்று மத்தியானம்தான் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

இப்படிக்கு,
மகாசபைத் தலைவர், நில அளவைச் சிங்கம்,
உன் மாமா தில்லைநாதன்


ரொறன்ரோ
29.03.2025

அன்புள்ள மாமா,

படம் கிடைத்தது. மிகவும் தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் நல்ல திருப்தி. வேலை கூட, ஆறுதலாக எழுதுகிறேன். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

வாகீசன்


கொக்குவில்
03.05.2025

அன்புள்ள வாகீசனுக்கு,

இந்தக் கடிதத்தில் பட்டங்கள் ஒன்றும் இல்லை. குறை நினைக்காதே.

நேற்று சோமுவுக்கு ஒரு சட்டத்தரணியிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. காணி விற்கப்பட்டுவிட்டதாம். மூன்று மாதத்துக்குள் கடையை விட்டு எழும்ப வேண்டுமாம். வாங்கியிருப்பது குளிர்க்கடைக்காரர். விற்றவர் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர் இருந்தது.

அதற்குக் கீழே என் பெயரும் இருந்தது. சோமு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தான். அப்படியே எழுதுகிறேன்: “மேற்படி கட்டடத்தினுள் மழைக்காலத்தில் குடை பிடிக்க வேண்டிய நிலை காணப்படுவதாகவும், உட்பகுதியில் குளமொன்று உருவாகியுள்ளதாகவும், சுவர் இடிந்துவிழும் தறுவாயில் உள்ளதாகவும், வியாபாரம் நாளொன்றுக்கு மூவருக்கு மட்டுப்பட்டுள்ளதாகவும், கடை நடத்துபவர் தாமாகவே திறப்பைக் கையளித்து வெளியேற விரும்புவதாகவும், உரிமையாளரின் தாய்மாமனார் திரு. தில்லைநாதன் அவர்கள் 09.01.2025 திகதிய கடிதத்தில் எழுத்துமூலம் உறுதிப்படுத்தியுள்ளார்.” கொக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். கடைசித் தாளில் நாங்கள் இருவரும் அளந்த படம்.

சோமு கடிதத்தை வந்த மடிப்பிலேயே திருப்பி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தான். அந்தக் கடையில் எனக்கென்று ஒரு கதிரை உண்டு. அதில் இருக்கப் போனேன்.

“வாங்கோ,” என்றான். “என்ன வேணும் உங்களுக்கு?”

அறுபத்தைந்து வருடத்தில் என்னை அவன் அப்படிக் கேட்டதில்லை. கால் கிலோ சீனி என்றேன். எனக்குச் சலரோகம் என்று இந்த ஊரில் முதலில் அறிந்தவன் அவன். சீனி என்ற சொல்லை எடுத்தாலே கிழிப்பவன். கால் கிலோவையும் நிறுத்து, கடதாசியில் சரை சுற்றி, நூல் கட்டித் தந்தான்.

தம்பி, சட்டத்தரணி ஆளை மாறி எழுதிவிட்டாரா? மாறித்தான் எழுதியிருப்பார். ஓம் என்று ஒரு வரி எழுது. நான் அதைச் சோமுவிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

மாமா


ரொறன்ரோ
25.05.2025

அன்புள்ள மாமா,

ஆள் மாறவில்லை.

எப்படியும் ஒருநாள் உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தேன். நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை. பிள்ளைகள் அங்கே வந்து இருக்கவும் போவதில்லை. நல்ல விலைக்குக் கேள்வி வந்தபோது விட்டால் பிறகு வராது என்று எல்லாரும் சொன்னார்கள். ஒப்படை என்று சொன்னது பிழைதான். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் அளந்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் மற்றதில் என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. நீங்கள் எழுதியதைத்தான் கொடுத்தேன். நீங்கள் சொல்வதை நம்பி வளர்ந்தவன் நான், மாமா. இதையும் நம்பினேன். சோமு மாமாவுக்கும் இது ஒரு விடுதலை என்றுதான் நினைத்தேன்.

கடைக்காரரோடு கதைத்து உங்களுக்கும் மாமிக்கும் ஆயுள்காலக் கழிவு அட்டை எடுத்திருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். எந்தச் சாமான் எடுத்தாலும் குறைத்துத் தருவார்கள்.

கோபிக்காமல் பதில் போடுங்கோ.

வாகீசன்


கொக்குவில்
21.08.2025

வாகீசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாள் சென்றுவிட்டது.

இந்தக் கதையையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சோமு தவணைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கடையைக் காலி செய்தான். மிச்சச் சாமானைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான். தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பூட்டிவிட்டுத் திறப்பை என்னிடம் நீட்டினான். “நீங்கள் எழுதினபடியே தாறன்” என்றான்.

பிறகு சுவரை இடிக்க இயந்திரம் வந்தது. நோட்டீஸ்களை முதலே உரித்துவிட்டார்கள். சுவர் விழவில்லை. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் இயந்திரக்காரர் இறங்கி வந்து, “ஐயா, உதை ஆர் கட்டினது?” என்று என்னைக் கேட்டார். உங்கள் அம்மா கட்டுவித்தது என்று சொன்னேன். போன வெள்ளிக்கிழமை அடிக்கல் நாட்டினார்கள். கல்லை வைத்தவர் சோமுவின் சோடாவைக் குடித்த மூவரில் வென்றவர். லூர்த்தம்மா இப்போது மற்றப் பக்கத்து மதகில் இருந்து மீன் விற்கிறா. கல் வைத்தவர் அவவிடம் வணக்கம் சொன்னார். அவ ஈ கலைத்தா.

சோமு சாவகச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறான். பஸ் எடுத்துப் போனேன். “வாங்கோ” என்று கதிரை போட்டான். சுகம் விசாரித்தான். மகள் தேத்தண்ணி கொண்டுவரப் போனபோது, உள்ளே பார்த்து, “அவருக்குச் சீனி போடாதை” என்றான். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமையும் போவேன்.

நான் எழுதியதை நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். குளத்தில் கொக்கு இறங்கியது என்றும் நான் எழுதியிருந்தேன். அதை நீங்கள் சட்டத்தரணியிடம் கொடுக்கவில்லை.

கழிவு அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். மாமி அதைத் தொடவில்லை. திறப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன், அதற்கு இப்போது கதவு இல்லை, ஆனாலும் உங்கள் சொத்து. இனிமேல் கதைக்க விரும்பினால் தொலைபேசியில் மாமியோடு கதையுங்கள். அவவுக்குப் புளுகத் தெரியாது. கீர்த்திகா ஒருநாள் கேட்டால், அந்தப் படத்தின் அளவு எல்லாம் சரி என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தை மாதம் நான் எழுதியதில் ஒரு சின்னப் பகுதி உண்மை. கூரை ஒழுகியது. ஓர் இடத்தில், என் கதிரைக்கு நேர் மேலே, ஒரு ஓடு வெடித்திருந்தது. அதை மாற்றுவது எங்கள் பாடு. சோமு ஒருநாளும் கேட்கவில்லை. மழை வந்தால் என் கதிரையை அரை முழம் தள்ளி வைப்பான்.

தில்லைநாதன்