கண் திறந்த கடல் சாமி

மாமல்லபுரம்,
22-11-76

சௌபாக்கியவதி காமாட்சிக்கு ஆசிகள். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

சினிமாவுக்குக் கடல் சாமி செய்வதாக எழுதினேன் அல்லவா? எந்தப் புராணத்திலும் இல்லாத சாமி. "பார்த்தாலே குலை நடுங்கணும்" என்றார் டைரக்டர். சுறாப் பல், நண்டுக் கை எல்லாம் வைத்துக் கரையில் நிறுத்தினேன். மூங்கிலும் பிளாஸ்டரும்தான். ஆனாலும் கைப்பழக்கம் விடுமா? கோயில் சிலைக்குச் செய்வதுபோலக் கண்ணாடி காட்டிக் கண் திறந்துவிட்டேன். குப்பத்து ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளே கற்பூரத்தோடு வந்தார்கள். நானும் விளையாட்டாக விபூதி கொடுத்தேன்.

போன வாரப் புயலில் ஒரு கட்டுமரம் திரும்பவில்லை. அதில் போனவன் பச்சையம்மா என்பவளின் மூத்த மகன். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"கண்ணு தொறந்து வெச்சியே, பாத்துகினுதானே இருந்திச்சு?"

"அது சினிமா பொம்மைம்மா."

"அப்ப ஏன் எனக்குத் துன்னூறு குத்தே?"



இதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. படப்பிடிப்பு முடிந்துவிட்டது. இன்று காலை பொம்மையை உடைக்கப் போனோம். பச்சையம்மா குறுக்கே வந்து விழுந்தாள். "வாணாம், கோவிச்சுக்கும். எனக்கு இன்னொரு புள்ள கீறான்" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே விட்டுவிட்டோம்.

நான் இன்னும் சில நாள் இங்கேதான் இருப்பேன். நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ஒரு போர்வையும் வேண்டும். சிரித்த முகமாக ஏதாவது சாமி படம் இருந்தால் அதையும் வை. சினிமாக்காரர்களின் லாரி கிளம்புகிறது, அவர்கள் சாமானை ஏற்றிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாசிலாமணி