முனியப்பனுக்கு உப்பில்லா விரதம்

பொம்மிடி,
1944, ஆடி மாதம்.

மரியாதைக்குரிய மாமாவுக்கு, பாஞ்சாலி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் குழந்தை ராஜாமணியும் சுகம். சுகம் என்று தொடங்காவிட்டால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று அப்படி எழுதினேன். மீதியையும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மழை பரவாயில்லை. மேட்டுக் கொல்லையில் கேழ்வரகு விதைத்தாயிற்று. உங்கள் தம்பி மாதப்பன்தான் ஏர் ஓட்டினான். செவலை மாடு கொஞ்சம் நொண்டுகிறது. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் பகலிலேயே எழுதி முடிக்கிறேன். அத்தை களை பறிக்கப் போயிருக்கிறார்.

லீவு முடிந்து நீங்கள் ரயில் ஏறிய கொஞ்ச நாளில் எனக்கு உதட்டோரம் புண் வந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். ஆறவில்லை. மொரப்பூரில் பாதிரிமார் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த சகாயமேரி அங்கேதான் நர்ஸாக இருக்கிறாள். டாக்டரம்மா வாயைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு உன் புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்டார். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார் என்று பெருமையாகத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சமீபத்தில் லீவில் வந்தாரா என்றார். வந்தார் என்றேன். ரத்தம் எடுத்துச் சென்னப்பட்டணத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். என் உதட்டுப் புண்ணுக்கும் உங்கள் லாரிக்கும் என்ன சம்பந்தம்? சகாயமேரிதான் என்னைத் தனியே கூப்பிட்டு, கெட்ட சகவாசத்தால் வருகிற மேக வியாதி இருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை அது, பட்டாளத்துக்காரர் பெண்டாட்டிகள் பல பேருக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னாள். என் புருஷன் அந்த மாதிரி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

திரும்பி ரயிலில் வரும்போதுதான் உங்கள் விரதம் ஞாபகத்துக்கு வந்தது.

வந்த அன்றே முனியப்பனுக்கு வேண்டுதல், உப்பும் புளியும் சேர்க்கமாட்டேன், தனியாகத்தான் படுப்பேன் என்று சொன்னீர்கள். எம்புள்ளைக்கு எத்தினி பக்தின்னு பாரு என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் உப்பில்லாமல் களி கிண்டிப் போட்டேன். ஆனால் மாமா, முனியப்பன் கிடாயும் சாராயமும் சுருட்டும் கேட்கிற சாமி. அவருக்காக உப்பை விட்ட ஆளை நம் பக்கத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? என் அப்பா ஊரில் வண்டிக்கார மாயவன் என்று ஒருவர் பெங்களூர் போய் வந்த பிறகு உப்பில்லாக் களி தின்றார். நாட்டு வைத்தியர் பாதரசம் சேர்த்த ரச மருந்து கொடுத்திருந்தார். ஈறு வீங்கி, எச்சில் வடிய உட்கார்ந்திருப்பார். எதற்காக அந்தப் பத்தியம் என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கும் ஈறு வீங்கியிருந்தது. பட்டாளத்து ரொட்டியைக் கடித்ததால் வந்தது என்றீர்கள். நம்பினேன்.

கிளம்புகிற அன்று மத்தியானம், மழை பிடித்துக்கொண்டபோது, தனியாகப் படுக்கிற அந்த விரதத்தை நீங்களே முறித்தீர்கள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது அன்றிலிருந்து புண் வந்த நாள் வரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பட்டணத்திலிருந்து முடிவு வரும்வரை எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. நேற்று ராஜாமணி வழக்கம்போல என் தட்டில் கை வைக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். ஏங்கி ஏங்கி அழுதாள். நானும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அத்தைக்கோ என் மேலேயே சந்தேகம். இவள் எதற்கு மொரப்பூருக்கு ஓடுகிறாள் என்று மாதப்பனை வேவு பார்க்க அனுப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இருவரும் ஒரே வண்டியில் திரும்பி வந்தோம்.

ஒன்றை மட்டும் எழுதுங்கள். அது விரதமா, பத்தியமா? பட்டாளத்துக் கடிதம் என்று நடுவில் இதைப் பிரித்துப் படிக்கிற சர்க்கார் ஐயா அவர்களுக்கும் ஒரு நமஸ்காரம். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை இருப்பாள், தயவுசெய்து எதையும் மசி பூசி அடிக்காமல் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாஞ்சாலி.


பொம்மிடி,
புரட்டாசி மாதம்.

மாமாவுக்கு நமஸ்காரம். உங்கள் பதில் கிடைத்தது. அங்கே ஓயாத மழை என்றும், காலில் அட்டை ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துக் கவலைப்பட்டேன். மாட்டைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள், அது தேறிவிட்டது. நான் கேட்டதற்குப் பதில் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பு மசி பூசியிருக்கிறது.

ஊர்ப் பெயரையும் படைப் பெயரையும்தான் சர்க்கார் அடிக்கும் என்று தபால்காரர் சொல்கிறார். நீங்கள் உப்பு தின்னாத சங்கதி தெரிந்து ஜப்பான்காரன் என்ன செய்யப் போகிறான்? வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அந்த மசியும் நீங்கள் விலாசம் எழுதிய மசியும் ஒரே மாதிரி இருக்கின்றன. பாவம், அந்த ஐயா பேரில் பழியைப் போடாதீர்கள்.

முதலில் எடுத்த ரத்தம் கெட்டுப்போய்விட்டதாம். ராணுவ ஸ்பெஷல் ரயில்களுக்கு வழிவிட்டு அது போன வண்டி எங்கேயோ வெயிலில் கிடந்ததாம். சகாயமேரி அதைச் சொன்னபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கெட்டுப்போனதா, வந்த முடிவைச் சொல்ல மனசில்லாமல் இழுக்கிறாளா? கர்த்தர் மேல் ஆணையிடச் சொன்னேன். பைத்தியக்காரி என்று திட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. கிணற்றடியில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் என் பேச்சுதான் என்று தோன்றியது. வேலை செய்தால் மறக்கும் என்று அத்தையின் பங்குக் களையையும் நானே பறித்தேன். கொஞ்சம் மறந்தது.

போன வாரம் முடிவு வந்தது. என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. உதட்டுப் புண் சத்துக் குறைவால் வந்ததாம், கீரை சாப்பிடச் சொன்னார் டாக்டரம்மா. சில மாதம் கழித்து இன்னொரு முறையும் பார்த்துவிட்டால்தான் நிச்சயம் என்கிறார். ஒரே தட்டில் சாப்பிடுவதால் குழந்தைக்கு ஒன்றும் வராது என்றார். வீட்டுக்கு வந்து ராஜாமணியை மடியில் போட்டுக்கொண்டு என் தட்டிலிருந்தே ஊட்டினேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று துப்பும் வரைக்கும் ஊட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஞ்சாலி.


பொம்மிடி,
1945, தை மாதம்.

மாமாவுக்கு, பாஞ்சாலி எழுதுவது. கேழ்வரகு வீடு வந்து சேர்ந்தது. துவரை அறுக்கிறோம். அத்தைக்கு இருமல், மற்றபடி குறைவில்லை. இரண்டாம் முறையும் ரத்தம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் இந்த முறை மசி இல்லை. பார்த்தாயா பாஞ்சாலி, உன் ரத்தமே என்னைச் சுத்தமானவன் என்று சொல்லிவிட்டது, இனியாவது சந்தேகப்படுவதை விடு என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். அதைச் சகாயமேரியிடம் சொன்னேன். ஒரு தரம் சேர்ந்ததில் வியாதி ஒட்டாமல் தப்புவதும் உண்டு என்றாள். ரச மருந்தில் புண் ஆறிப்போகும், வியாதி உள்ளேயே இருக்கும் என்றாள். பட்டாளத்து டாக்டரிடம் போனால் தண்டனை என்று பயந்து பல பேர் நாட்டு மருந்தைத் தேடி ஓடுகிறார்களாம். நீங்களும் அப்படிப் பயந்தீர்களோ என்னவோ. என் ரத்தம் எனக்குத்தான் சாட்சி சொல்லும். உங்களுக்கு உங்கள் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் மாமா. இந்த வியாதியோடு பிறந்த ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அதற்குக் கண் தெரியவில்லை. அதன் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவளும் தன் புருஷனை நம்பியிருப்பாள்.

எங்கே போனீர்கள், யாரிடம் போனீர்கள் என்று கேட்கமாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். கேட்பேன், கத்துவேன், பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன். அதையெல்லாம் செய்ய எதிரில் நீங்கள் இருக்க வேண்டும். குண்டும் காய்ச்சலும் உங்களை அண்டாமல் முனியப்பன் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அத்தை கிடா நேர்ந்திருக்கிறார், நானும் சரி என்றுதான் சொன்னேன்.

சித்திரையில் லீவு என்கிறீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வந்தால் மொரப்பூர் முதலில் வரும், பொம்மிடி அதற்கு அடுத்து. நான் ராஜாமணியைத் தூக்கிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்பேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஊசி போட்டால் தீருமாம், கூடவே நானும் வருவேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே வண்டி உங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வீட்டில் அத்தை இருப்பார். நான் இருக்கமாட்டேன்.

மொரப்பூரில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். வருகிற வழியிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
பாஞ்சாலி.