பேனரில் முதல் தடவையாக என் பெயர்

சேவூர்,
ஆவணி 4

அன்பு மகள் கலைமகளுக்கு அம்மா எழுதுவது. நீண்ட ஆலோசனைக்குப் பின் இந்த வீட்டில் பால் வாங்குவது அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகக் குறைக்கப்பட்டது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். தீர்மானத்தைக் கொண்டுவந்தவளும் ஆமோதித்தவளும் நானே, எதிர்ப்பு இல்லை. நான் நலம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான் என்றாலும் இந்தத் தடவை நிறுத்திப் படி. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள்.

நான் இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் ஒரு பேனர் படம் சுற்றுகிறது, வந்தால் பதறாதே. உன் பிரசவத்துக்கு வருமுன் அப்பாவின் தறியை முள்ளிப்பட்டு சிவகுமாருக்குக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன் அல்லவா. நம் தெருவில் தறியைக் கழற்றிக் கதவையும் பூட்டினால் அந்த வீட்டில் கடைசி ஆளும் முடிந்துபோனதாகத்தான் அர்த்தம். முத்துவேல் கதவைப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் திரும்பிப் போயிருக்கிறான். அவன் தனக்கோடி அண்ணனின் மகன், நான் இருபத்திரண்டு வருஷம் பாடிய கச்சேரிக் குழுவை இப்போது நடத்துகிறவன். சேவூரிலும் சேத்துப்பட்டிலும் நான் பாடாத கூழ் ஊற்றும் விழா இல்லை, கல்யாண வரவேற்பு இல்லை, நீயே டிரம்ஸ் பெட்டிக்குப் பின்னால் தூங்கி வளர்ந்தவள், ஆனால் நோட்டீசில் தனக்கோடி குழுவினர் என்று இருக்குமே தவிர என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அப்பா போன பிறகு சுப காரியங்களுக்குக் கூப்பிடுவது நின்றது, பிறகு கோயிலுக்கும் நின்றது. இப்போது பஸ் நிறுத்தத்தில் பத்தடி உயரத்துக்கு மாலை போட்ட என் பழைய மேடைப் படம், கீழே இசைக்குயில் தெய்வநாயகி அம்மாள் நினைவஞ்சலிக் கச்சேரி என்று. எழுத்துப் பிழைகூட இல்லை.

முத்துவேலின் சவுண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். ஐயோ அம்மா, நீங்க இருக்கீங்களா, யாருமே சொல்லலியே என்றான். ஆமாம்பா, நானும் சொல்லாம இருந்துட்டேன் என்றேன். இன்னாம்மா பண்றது, பேனரெல்லாம் கட்டியாச்சி, அன்னிக்கு ஒரு நாளு வூட்லயே இருந்துக்கங்க, ஜனங்க பேஜார் பண்ணும் என்றான். அது கிடக்கட்டும், எட்டு வருஷமாச்சு, ஒரே ஒரு பாட்டு பாடிட்டுப் போறேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்சம் யோசித்து, பானுப்ரியான்னு ஒரு பொண்ண பேசிட்டோம்மா, எல்லாம் நீங்க பாடுன பாட்டுதான் என்று ஆறுதல் சொன்னான்.

போனேன். கச்சேரியில் பெண்கள் பக்கம் கடைசி நாற்காலி. அந்தப் பெண் நன்றாகவே பாடினாள், மேல் ஸ்தாயியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். நான் என்னை அறியாமல் கூடவே முனகியிருக்கிறேன் போல, பக்கத்திலிருந்த விருத்தாம்பாள் என்கிற சேத்துப்பட்டு அம்மா திரும்பி, சும்மா இரும்மா, செத்தவங்களுக்காகப் பாடிகினு இருக்காங்க, நீ வேற ஊடால என்று அதட்டினாள். ஒரு நிமிட மௌனத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். உட்கார்ந்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னா கொரலு தெரியுமா, பேருதான் இன்னிக்குத் தெரியுது, நீ கேட்டிருக்கியா என்றாள். கேட்டிருக்கிறேன் என்றேன்.

குழந்தைக்கு மருந்தைத் தேதி பார்த்துக் கொடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், எடுக்காவிட்டால் குளிக்கப் போயிருப்பேன், வேறெதுவும் நினைக்காதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு உன் அம்மா,
தெய்வநாயகி

பி.கு. கச்சேரியை வருஷா வருஷம் நடத்துவதென்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. நோட்டீசில் போட நான் இறந்த தேதி வேண்டும் என்று முத்துவேல் நேற்று வந்தான். கச்சேரி நடந்த நாளைக் கொடுத்தேன், எழுதிக்கொண்டு போனான்.